செவலை காட்டிய வாசல்

மாலை ஆறு மணிக்கு மூவேளைச் செப மணி ஒலிக்கத் தொடங்கியதும் நம் பங்கு இல்லத்துத் திண்ணையிலிருந்து ஓர் ஊளை எழும். முதல் மூன்று அடிகளுக்கு அமைதி காத்து, நான்காம் அடிக்குத் தலையை உயர்த்தி, செவலை தன் குரலையும் சேர்த்துக்கொள்ளும். ஊருக்குப் புதிதாய் வருவோர் இது நல்லதற்கில்லை என்று முகம் சுளிப்பதுண்டு. நம் கோயில்பிள்ளையோ, "அதுவும் செபம் சொல்லுது சாமி" என்பார். கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் மணி ஒலித்து முடிந்தது; ஊளை எழவில்லை. வெளியே சென்று பார்த்தோம். திண்ணையின் மூலையில் படுத்திருந்த செவலை நம்மைக் கண்டு வாலை மட்டும் ஒருமுறை அசைத்தது. எழுந்து நிற்க அதனால் இயலவில்லை.

உத்தமபாளையத்திலிருந்து மேற்கே மலையை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது நம் பங்கு. ஆடி மாதத்தில் மலைக் கணவாய்களைக் கடந்து பள்ளத்தாக்கில் இறங்கும் காற்று கூரைத் தகரங்களைப் பெயர்த்துவிடும். அண்மையில் உள்ள கோம்பை, ஒரு நாய் இனத்திற்கே தன் பெயரைத் தந்த ஊர். செம்பழுப்பு மேனியும் கருத்த வாயும் கொண்ட கோம்பை நாய்களைக் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்த காலம் ஒன்று இருந்தது. 2020 ஆகஸ்டு மாத வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றோடு கோம்பையின் பெயரையும் பிரதமர் குறிப்பிட்டபோது நம் ஊர்த் தேநீர்க் கடையில் அதுவே ஒரு வாரப் பேச்சாய் இருந்தது. நம் செவலை தூய கோம்பை என்று சொல்வதற்கில்லை. நாம் இப்பங்கிற்கு வந்த முதல் ஆண்டில் ஓர் உழவர் பால்குடி மறந்த குட்டியாய்க் கொண்டுவந்து விட்டது. நிறத்தைக் கண்டு பிள்ளைகள் இட்ட பெயர் நிலைத்துவிட்டது.

மறுநாள் காலையில் அதன் சிறுநீர் கருந்தேநீர்போல் இருந்தது. கண்ணின் வெண்மை மஞ்சளாகியிருந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துச் சுண்ணாம்பு பூசியதுபோல் தோன்றியது. மஞ்சள் காமாலைதான் என்று உறுதியாய் நம்பிய கோயில்பிள்ளை வயல் வரப்பிலிருந்து கீழாநெல்லி பறித்து அரைத்து வந்தார். செவலை அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பங்கின் பழைய ஜீப்பில் கிடத்தித் தேனிக்குக் கொண்டு சென்றோம்.

நம் பள்ளத்தாக்கில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மருத்துவம் தேடுவது பழகிய செயல். தேனியை அடுத்த வீரபாண்டியில் 2020இல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே எழுந்துவிட்டது. ஆயினும் ஒரு நாயைத் தோளில் சுமந்துகொண்டு மருத்துவரின் வாசலில் நிற்கையில், வெள்ளை அங்கியோடு நம்மைக் கண்ட பலரும் திரும்பிப் பார்த்தனர். மருத்துவர் ஓர் இளம் அம்மையார். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, அதனோடு உப்புநீர் சேர்த்துத் தகட்டை மெல்ல அசைத்தார். இரத்தம் சீராகக் கலக்கவில்லை. திரிந்த பால்போலச் சிறுசிறு கட்டிகளாய்த் திரண்டு நின்றது. "பாருங்க ஃபாதர், உப்புநீர் விட்டும் பிரியல. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார். நாய்க்கு இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 37 முதல் 55 வரை இருக்க வேண்டும். செவலைக்கு இருந்தது 13.

அவர் விளக்கியதை நமக்கு விளங்கிய அளவில் எழுதுகிறோம். நாயின் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 110 நாள் வாழும். முதுமையுற்ற அணுக்களை மண்ணீரல் அரித்தெடுத்து அழிக்கும். உடலுக்குள் அயலான் புகுந்தால் அவன்மேல் அடையாளமிட எதிர்ப்பொருள்கள் உண்டு. அடையாளம் பட்டதை விழுங்கக் காவல் அணுக்களும் உண்டு. இந்த நோயில் அந்த அடையாளம் உடலின் சொந்தச் சிவப்பணுக்கள்மீதே விழுந்துவிடுகிறது. காவல் அணுக்களுக்கு வேறு எதுவும் தெரியாது. அடையாளத்தைக் கண்டால் விழுங்கும். இளம் அணு, முதிய அணு என்ற வேறுபாடின்றி ஆயிரமாயிரமாய் மடிகின்றன. அவற்றின் சிதைவே கண்ணில் மஞ்சளாகவும் சிறுநீரில் கருமையாகவும் வெளிப்படுகிறது. தன்னுடல் தாக்குநோய் என்று இவ்வகை நோய்களைக் குறிப்பிடுகின்றனர்.

பவுல் எர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளாடுகளுக்கு வேறு ஆடுகளின் இரத்தத்தைச் செலுத்திச் சோதித்தார். அயல் ஆட்டின் இரத்தத்தை அழிக்கும் பொருளை ஆட்டின் உடல் உருவாக்கிற்று. தன் சொந்த இரத்தத்தை அழிப்பதை மட்டும் அது உருவாக்கவில்லை. தன்னைத்தானே நஞ்சூட்டிக்கொள்ள உயிருடல் அஞ்சும் என்று அவர் முடிவு செய்தார். 1908இல் நோபல் பரிசும் பெற்ற பேரறிஞர் அவர். ஆனால் 1904இலேயே வியன்னாவில் டோனாத், லாண்ட்ஸ்டைனர் என்ற இருவர், குளிர் பட்டதும் தன் இரத்தத்தையே அழித்துக்கொள்ளும் நோயாளிகளைப் பற்றி எழுதிவிட்டனர். நம் செவலைக்கு நோயைத் தூண்டியது உண்ணி கொண்டுவந்த ஒரு கிருமி என்று சோதனை காட்டியது. எர்லிக்கின் நினைவாக அக்கிருமிக்கு இடப்பட்ட பெயர் எர்லிக்கியா. உடல் தன்னைத் தாக்காது என்று நம்பியவரின் பெயரைத் தாங்கிய கிருமியே நாயின் உடல் தன்னைத் தாக்கக் காரணமாயிற்று.

இரத்தம் ஏற்றாவிட்டால் இரவு தாங்காது என்றார் மருத்துவர். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குகளுக்கென இரத்த வங்கி உண்டு. அவ்வளவு தொலைவு போக நேரமில்லை. நாய்களுக்கும் இரத்த வகைகள் உண்டென்றாலும், முன்பு இரத்தம் ஏற்றப்படாத நாய் முதல் முறை பிற நாயின் இரத்தத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் என்பது அன்று நமக்கு ஆறுதலாய் இருந்தது. மருத்துவருக்கு அறிமுகமான ஒரு திராட்சைத் தோட்டக்காரர் தம் இராஜபாளையம் நாயோடு வந்து சேர்ந்தார். முப்பது கிலோ எடையுள்ள வெண்ணிற நாய். அதன் தலையைத் தம் மடியில் வைத்து, காதருகே ஏதோ பேசிக்கொண்டே அவர் அமர்ந்திருக்க, ஏறத்தாழ 350 மில்லி இரத்தம் எடுத்தனர். பணம் நீட்டினோம்; அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். நம்மை அதற்குமுன் கண்டவரும் அல்லர்.

ஏற்றிய இரத்தமும் அழியக்கூடும். காலம் ஈட்டித் தருவது மட்டுமே அதன் பணி. நோயை அடக்க வேண்டியது பிரெட்னிசொலோன் மாத்திரை. 1948இல் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாய்க் கொடுக்கப்பட்டு, 1950இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த கார்ட்டிசோன் மருந்தின் வழித்தோன்றல் இது. தாக்கும் காவலர்களின் கையைக் கட்டிப்போடும். செவலையின் எடை 21 கிலோ. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் மாத்திரை நான்கு. கிருமிக்கு வேறு மருந்து, இரத்தம் நாளங்களில் உறையாதிருக்க இன்னொரு மருந்து. முதல் இரு வாரங்களே பேராபத்தானவை என்றும், நுரையீரலில் இரத்தம் உறைந்து திடீரென உயிர் போய்விடக்கூடும் என்றும் மருத்துவர் மறைக்காமல் சொன்னார். அவ்விரு வாரங்களும் திண்ணையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு அதன் மூச்சை எண்ணியபடி உறங்கினோம்.

செலவு ஏறிற்று. நமக்குக் கிடைக்கும் படித்தொகையும், பழைய மாணவர் ஒருவர் நம் குருத்துவ வெள்ளிவிழாவுக்குத் தந்த அன்பளிப்பும் கரைந்தன. பங்குப் பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர், வின்சென்ட் தே பவுல் சபையில் நெடுங்காலம் உழைத்தவர், ஒருநாள் மாலை தனியே வந்தார். கானானியப் பெண்ணின் நிகழ்ச்சியை நினைவூட்டினார். பிள்ளைகளுக்கு உரிய அப்பத்தைப் பற்றி ஆண்டவர் சொன்னதை நாமே எத்தனை முறை விளக்கியிருக்கிறோம் என்றார். "தப்பா நெனைக்காதீங்க சாமி. ஊருல நாலு பேரு பேசறாங்க" என்று முடித்தார்.

கோயில் பணத்தில் ஒரு ரூபாயும் தொடவில்லை, நம் சொந்தப் பணம் என்று விடை சொன்னோம். அவர் தலையசைத்துப் போய்விட்டார். ஆனால் அன்றிரவு நாம் சொன்ன விடை நமக்கே போதவில்லை. நாம் குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் புதிதாய் வந்திருந்த நூல், 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி. அதன் 2418ஆம் எண் இதைத்தான் பேசுகிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் சாகவிடுவதும் மனித மாண்புக்கு முரண் என்கிறது. மனிதரின் துயர் துடைக்க முதன்மையாய்ச் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. இரண்டும் ஒரே பத்தியில் உள்ளன. முதல் பாதியை நமக்கு வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியைப் பேரவை உறுப்பினரிடம் விட்டுவிட இயலாது. தவிர, ஒரு குருவுக்குச் சொந்தப் பணம் என்பது எதுவரை சொந்தம்?

இந்தக் கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு நாம் செய்த ஒரு செயலை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். அந்நாள்களில் திருவிழாச் சப்பரத்தை யார் தூக்குவது என்பதில் கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் வழக்கு முற்றியிருந்தது. ஞாயிறு மறையுரைக்கு ஓர் உவமை கைக்குக் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோம். உடலே உடலைத் தின்னும் நோயைப் பற்றிப் பேசினோம். தன் சொந்த இரத்தத்தைப் பகையென்று எண்ணி அழிப்பதே பாவத்தின் இயல்பு என்றும், அத்தகைய இரத்தம் தன் மதிகேட்டால் தானே மடிகிறது என்றும் குரலை உயர்த்தினோம். கோயில் அமைதியாயிற்று. நன்றாகப் பேசினோம் என்ற நிறைவோடு பீடத்திலிருந்து இறங்கினோம்.

திருப்பலி முடிந்தபின் ஒரு பெண்மணி சக்கறீஸ்து அறையின் வாசலில் நின்றார். விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம் மெட்டு வழியாய்க் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களுள் ஒருவர். ஞாயிறு மட்டுமே அவரைக் கோயிலில் காண முடியும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "சாமி, நீங்க சொன்ன நோவுதான் எம்மகளுக்கு. மதுரை டாக்டரு இதே வார்த்தையத்தான் சொன்னாரு. அப்ப எம்புள்ள ரெத்தம் பாவப்பட்ட ரெத்தமா சாமி?"

அந்தப் பிள்ளையை நாம் அறிவோம். அதே ஆண்டின் தொடக்கத்தில் அவள் மூச்சுவாங்கிக் கிடந்தபோது வீட்டிற்குச் சென்று நோயில்பூசுதல் அளித்தோம். அடுத்த வாரம் மதுரையில் சேர்த்திருப்பதாய்க் கேள்விப்பட்டோம். திருப்பலியில் பெயர் சொல்லி மன்றாடினோம். பின்பு அவள் வீடு திரும்பினாள் என்றறிந்து இறைவனுக்கு நன்றி சொன்னோம். என்ன நோய் என்று கேட்கவில்லை. என்ன மருந்து, என்ன விலை, யார் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்கவில்லை. ஒரு நாயின் சிவப்பணு நூற்றுக்கு எத்தனை என்று நாளும் குறித்துவைத்த நாம், நம் கையால் எண்ணெய் பூசிய பிள்ளையின் நோய்க்குப் பெயர் என்னவென்று அறியாதிருந்தோம்.

இரத்தத்தில் பாவம் இல்லை அம்மா, நான்தான் பிழையாகப் பேசிவிட்டேன் என்று அவரிடம் சொன்னோம். அடுத்த ஞாயிறு மறையுரையிலும் அதைச் சொன்னோம். பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இருவர் பாவமுமில்லை என்று ஆண்டவர் மறுத்ததை நாம் குருமாணவராய் இருந்தபோதே கற்றிருக்கிறோம். கற்றதை மறக்க ஒரு நல்ல உவமை போதுமானதாய் இருந்தது.

அன்று மாலையே அவ்வீட்டிற்குச் சென்றோம். பிள்ளைக்கு வயது பதினேழு, பன்னிரண்டாம் வகுப்பு. முகம் நிலவுபோல் உப்பி, கன்னங்கள் வீங்கியிருந்தன. முக்காலிமேல் கிடந்த மாத்திரை அட்டை நமக்கு நன்கு பழக்கமானது. நாயின் உடல்நிலையை அவளே முதலில் விசாரித்தாள். எத்தனை மாத்திரை என்றாள், நான்கு என்றோம். "எனக்கும் மொதல்ல நாலுதான் சாமி, இப்ப ரெண்டு. தண்ணி தண்ணியா குடிக்குமே? பசிக்குமே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். செவலையின் எடை அவள் எடையில் பாதி. நாய்க்கு எடைக்கேற்ற அளவு இரு மடங்கு என்பதால் கணக்கு ஒன்றாகிவிட்டது. சாப்பாட்டுக்கு முன் கொடுத்தால் வயிறு எரியும், கருப்பட்டித் துண்டுக்குள் வைத்துக் கொடுங்கள் என்று அவள் சொல்லித் தந்ததைத்தான் அதன்பின் கடைப்பிடித்தோம்.

செவலை தேறி வந்தது. ஆவணி முடிவில் சிவப்பணு 36ஐத் தொட்டது. மூன்று வாரத்திற்கு ஒருமுறை கால் பங்கு வீதம் மாத்திரையைக் குறைக்க வேண்டும், மருத்துவரைக் கேளாமல் குறைக்கவே கூடாது என்பது கட்டளை. ஆனால் இரவில் மூன்று முறை அதை வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு குடம் நீர் குடித்து நடைவழி முழுதும் நனைத்தது. வயிறு தொங்கி, தொடைச் சதை வற்றி, எந்நேரமும் இளைத்தது. அதன் துன்பத்தைக் கண்டு இரங்கினோம் என்று எழுதினால் பாதி உண்மை. நம் உறக்கம் கெட்டதும் மறு பாதி. கண்ணுக்கு நன்றாய்த் தெரிகிறதே என்று நாமே ஒரு வாரத்திற்குள் மூன்று மாத்திரையை ஒன்றாக்கினோம். பத்தாம் நாள் ஈறு மறுபடி வெளுத்தது. தேனியில் பார்த்தபோது 19.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள், இம்மருந்து உள்ளே வரும் காலமெல்லாம் தங்கள் வேலையை நிறுத்தி உறங்கிவிடுகின்றன என்றும், படிப்படியாய்க் குறைத்தால்தான் அவை விழித்துக்கொள்ளும் என்றும், திடீரென நிறுத்தினால் நோய் திரும்புவதோடு உயிருக்கே கேடாகலாம் என்றும் மட்டும் பொறுமையாய் விளக்கினார். மீண்டும் நான்கு மாத்திரையிலிருந்து தொடங்கினோம்.

வெட்கத்தோடு அந்த வீட்டில் இதைச் சொன்னோம். பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. பின் எழுந்துபோய்த் தொழுவத்துச் சுவரின் இடுக்கிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து நம் முன் வைத்தாள். உள்ளே வெள்ளை மாத்திரைகள். "பன்னெண்டு நாளா நானும் போடல சாமி. பள்ளிக்கூடத்துல பூசணின்னு கூப்புடறாங்க." தாய் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மதுரைக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்பதால் இரண்டு மாதமாய் அவள் மருத்துவரையும் பார்க்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது. இது ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதன்று; அவளும் அவள் தாயும் எழுதச் சொன்னதாலேயே எழுதுகிறோம்.

மறுநாள் அதிகாலையில் அவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டோம். சிவப்பணு குறையத் தொடங்கியிருந்தது. நல்வேளையாய் எல்லை கடக்கவில்லை. மருந்து மீண்டும் தொடங்கியது. அவளது சீட்டில் கூம்ப்ஸ் சோதனை என்று எழுதியிருந்ததைக் கண்டோம். செவலையின் சீட்டிலும் அப்பெயரைக் கண்ட நினைவு. தேனி மருத்துவரிடம் கேட்டபோது அவர் பெருமையோடு சொன்னார்: சிவப்பணுவின்மேல் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருளைக் காட்டிக்கொடுக்கும் அச்சோதனையை 1945இல் தம் தோழர் இருவருடன் வெளியிட்ட இராபின் கூம்ப்ஸ், எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்றவர். மாட்டுக்கும் நாய்க்கும் மருத்துவம் செய்யக் கற்ற ஒருவர் கண்ட வழியால்தான் உலகெங்கும் மனிதப் பிள்ளைகளின் நோய் அறியப்படுகிறது.

லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். செல்வரின் வாசலில் புண்களோடு கிடந்த ஏழை லாசரை நாய்கள் வந்து நக்கின என்று அதில் வருகிறது. அந்த ஏழையின் இழிநிலையைக் காட்டுவதற்கே நாய்கள் அங்கே வருகின்றன என்று விரிவுரையாளர் பலரைப்போல் நாமும் சொல்லி வந்தோம். இப்போது அந்த இடத்தை வாசிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. அந்த வாசலைக் கடந்து நாள்தோறும் போய்வந்தவருக்கு அங்கே ஒருவர் கிடப்பது தெரியவில்லை, நாய்களுக்குத் தெரிந்திருக்கிறது. அச்செல்வர் லாசரை அடித்து விரட்டியதாக உவமையில் இல்லை. அவர் என்ன நோய் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பேரவை உறுப்பினரிடம் மீண்டும் பேசினோம். அவர் கேட்டது சரியான கேள்வி என்றும், நாம் சொன்னது தவறான விடை என்றும் ஒப்புக்கொண்டோம். செவலைக்குச் செலவிட்ட பணம் அந்தப் பிள்ளையின் வீட்டிற்குப் போக வேண்டிய பணம் என்றால், செவலை நோயுறுமுன் அது அங்கே போய்க்கொண்டிருந்ததா? இல்லை. நம் பெட்டியில் இருந்தது. நாய் அதை வெளியே எடுக்க வைத்தது, வழியையும் காட்டிற்று. இதைக் கொண்டு நம் செயலை நியாயப்படுத்த முடியாது என்பதை அறிவோம். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "மாசம் ஒருக்கா மதுரைக்கு வண்டி போனா, இன்னும் மூணு வீடு இருக்கு சாமி" என்றார். ஒரு வீட்டில் சிறுநீரக நோயாளி. இன்னொரு வீட்டில் வலிப்பு நோயுள்ள சிறுவன். மூன்றாவது வீட்டில் கண் தெரியாத மூதாட்டி. மூவரையும் அவர் அறிந்திருந்தார். நாமும் அறிந்திருந்தோம், நாம் நற்கருணை கொண்டு செல்லும் வீடுகள் அவை. இப்போது மாதத்தின் இரண்டாம் செவ்வாய் விடியற்காலையில் அந்த ஜீப் புறப்படுகிறது. எரிபொருள் செலவு வின்சென்ட் தே பவுல் சபையினுடையது. கூலி இழப்பிற்கு ஒரு சிறு தொகையும் உண்டு. ஓட்டுநர் வேலை நம்முடையது.

வாசகர்களுள் நாய் வளர்ப்போர் இருப்பின் அவர்களுக்கு இரண்டு சொற்கள். உண்ணியை அற்பமாய் எண்ண வேண்டாம். வாரந்தோறும் காதின் உட்புறத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். உண்ணிக்கு மருத்துவர் தரும் மருந்தை நாள் தவறாமல் கொடுங்கள். ஈறு வெளுத்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். மாத்திரையைக் குறைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை என்பதை நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இம்மருந்து உண்டால் அவர்களுக்கும் அதுவே பொருந்தும்.

செவலை குணமாயிற்றா என்று பலர் கேட்கின்றனர். மருத்துவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. நோய் அடங்கியிருக்கிறது என்பார். ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மாத்திரை. கடைசியாகப் பார்த்தபோது 38. பிள்ளைக்கும் அப்படியே, அவளுக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு மாத்திரை வரை குறைந்துள்ளது. முகத்தின் வீக்கம் வடிந்து வருகிறது. சனிக்கிழமைகளில் மறைக்கல்விக்கு வருபவள், பங்கு இல்லத்து நாள்காட்டியில் இரண்டு வரிசையில் பேனாவால் குறியிட்டுவிட்டுப் போகிறாள். ஒரு வரிசை செவலைக்கு, மற்றது தனக்கு. விட்டுப்போன கட்டம் எதுவும் இருந்தால் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. இதுவரை ஒரு கட்டம் விட்டிருக்கிறது. அது செவலையின் வரிசையில், மறந்தவர் நாம்.

மாலை மணிக்கு ஊளை திரும்பிவிட்டது. நான்காம் அடிக்குத் தலையை உயர்த்தித் தொடங்கும். முன்போல் மூச்சு நீள்வதில்லை, பாதியில் நின்றுவிடும். கோயில்பிள்ளை இப்போதெல்லாம் மணியைச் சற்று நிதானமாகவே அடிக்கிறார்.